ஏழாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

நவம்பர் 17, திங்கள்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் அப்பாவின் அக்கா ருக்குமணி அத்தையிடம் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். அத்தைக்குத் தெரிந்தால் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த மாதிரி. எடுத்த இடத்திலேயே, பழைய ஸ்வெட்டர் இருக்கும் பைக்குள், திரும்ப வைத்துவிடுங்கள்.

இது டயர் கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும், அவருக்கு டைரி எழுத நேரமில்லை. பத்தாம் வகுப்பு என்பதால் இந்தச் சின்ன அறையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. விளக்கு எரிந்தால் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்று கார்த்திகை முதல் நாள். அண்ணன் மாலை போடவில்லை. நான்கு வருடமாகத் தவறாமல் மாலை போட்டு மலைக்குப் போனவன். கேட்டால், பஸ் பாடி கம்பெனியில் ஆர்டர் நிறைய இருக்கிறது, லீவு தர மாட்டார்கள் என்கிறான். அவன் அங்கே பெயின்டர். போன வருடமும் ஆர்டர் இருந்தது. அதற்கு முந்தைய வருடமும் இருந்தது.

வீட்டில் மாலை போட்டவர் இருந்தால் மாதத்தில் சில நாள் நான் அத்தை வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். இந்த வருடம் அது இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் இன்னொன்றைக் கவனித்தேன். அண்ணன் பதினெட்டு வயதிலிருந்து தினமும் காலையில் முகத்தை வழித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். விரத நாட்களில் மட்டும்தான் வழிக்க மாட்டான். இப்போது மாலையும் போடவில்லை, ஆறு நாளாக வழிக்கவும் இல்லை. வெளியே போகும்போது மாஸ்க் போட்டுக்கொள்கிறான். பெயின்ட் தூசியாம்.

இதில் ஏதோ இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

என் கண்மைப் பென்சில் சீக்கிரம் சீக்கிரமாகக் குறைகிறது. நான் கொஞ்சம்தான் பயன்படுத்துகிறேன்.

நவம்பர் 22, சனி

கோதுமை அரைக்க குருசாமி மில்லுக்குப் போனேன். பெயர் பழனியப்பன், ஆனால் எல்லாருக்கும் குருசாமிதான். எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு அவர்தான் மாலை போட்டுவிடுவார். இருமுடி கட்டிக் கிளம்பும் அன்று எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, வருடம் எழுதி, மில் சுவரில் மாட்டிவிடுவார். மேலே முழுக்க மாவு படிந்திருக்கும்.

“உங்கண்ணன் ஏன் பாப்பா இந்த வருசம் வர்ல?” என்று கேட்டார்.

“வேலை இருக்குதுங்க.”

மிளகாய் மெஷின் பக்கம் நின்ற சுந்தரம் சாமி சிரித்தார். “மேப்பு சாமி வர்லீன்னா வழி தெரியாம போயிருவோமே.”

போன வருடம் மலையேறும்போது அண்ணனுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. தாடி ஒரு இடத்தில் இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது, பார்த்தால் இந்தியா மேப்பு மாதிரி இருக்கும் என்பார்கள். குருசாமி அவரை அதட்டினார். விரதத்தில் இருக்கும்போது வாயைக் கட்ட வேண்டும் என்றார். ஆனால் அவரும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மாவு சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறவைத்துச் சலித்தேன். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிடக் கூப்பிட்டார். தலைவலி என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த பென்சில் கிடைத்துவிட்டது. அண்ணன் சட்டையைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் இருந்தது. என்னுடையதேதான், நான் கடித்த தடம் முனையில் இருக்கிறது.

ஆண்பிள்ளைக்கு மைப் பென்சில் எதற்கு? யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுக்க எடுத்திருப்பான் என்று நினைத்தேன். பாதி தேய்ந்ததை யாராவது கொடுப்பார்களா? இன்று இன்னொன்றும் நடந்தது. பைக்கைக் காணோம். சர்வீஸுக்கு விட்டிருப்பதாக அம்மாவிடம் சொன்னான். அம்மா என்னிடம் வந்து, “உங்கண்ணன் போன்ல யாரோடயாச்சும் பேசறானா?” என்று கேட்டார். பேசுகிறான். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறான். “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றுதான் காதில் விழுகிறது. காதலிக்கிற பெண்ணை யார் மேடம் என்று கூப்பிடுவார்கள்?

அம்மாவிடம் தெரியாது என்றேன். பென்சிலை எடுத்து என் பவுச்சில் வைத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

பென்சில் மறுபடியும் இல்லை. சாயங்காலம் திரும்ப அங்கேயே இருக்கிறது. அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டேன். சுவரை ஒட்டிய இடம். முன்னால் ஃபேன் காற்று அதிகமாக அடிக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

எல்லாம் தெரிந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

காலையில் அண்ணன், “பாப்பாவுக்கு கைடு வாங்கோணும், திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று அம்மாவிடம் சொன்னான். கைடு கரூரிலேயே கிடைக்கும். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் நான் கூட இருந்தால் அவன் தப்பாக எதுவும் செய்ய மாட்டான் என்று நினைத்து அனுப்பினார். என்னை வேவு பார்க்க அனுப்பினார், அவன் என்னைச் சாக்காகக் கூட்டிப்போனான்.

பஸ்ஸில் குளித்தலை தாண்டியதும் சொன்னான். கன்னத்தில் முடி நடப் போகிறானாம். பின்தலையிலிருந்து ஒவ்வொரு முடியாக வேரோடு எடுத்துத் தாடியில் நடுவார்களாம். பைக்கை விற்றுவிட்டான். இன்னும் முடிவு செய்யவில்லை, இன்று பேசிவிட்டு முடிவு செய்வேன் என்றான். முடிவு செய்யாதவன் பைக்கை விற்பானா?

மாஸ்க்கைக் கழற்றிக் காட்டினான். இருபது நாள் தாடி. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தான். இரண்டு கன்னத்திலும் மை போய், தோல் வழவழவென்று தெரிந்தது. பஸ்ஸில் பெயர் எழுதுகிற கை அல்லவா, முடி முடியாக வரைந்திருந்தான்.

“சிரிக்காத” என்றான். நான் சிரிக்கவில்லை.

அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. நகைக் கடை மாதிரி விளக்குகள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அக்கா வந்தார். மாடியில் பேசுகிற மேடம் அவர்தான். “நாத்து நடற மாதிரிதான் பிரதர்” என்று சிரித்தபடி ஸ்கெட்ச் பேனாவால் அவன் கன்னத்தில் கோடு போட்டார். டிசம்பர் பதினாலு ஒரு தேதி இருக்கிறது, விட்டால் தை மாதம்தான் என்றார். எனக்கு அவரைப் பார்த்தாலே சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சிரிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

டாக்டர் வந்தார். கன்னத்தை அழுத்திப் பார்த்து, “இது எப்போதிருந்து?” என்றார். “எப்பவுமே இப்படித்தாங்க சார். அந்த எடத்துல மொளைச்சதே இல்ல” என்றான் அண்ணன். டாக்டர் தலையசைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு படிவம். சர்க்கரை உண்டா, ரத்தம் உறைவதில் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஏழாவது கேள்வி, உங்களுக்கோ ரத்த உறவுகளுக்கோ புழுவெட்டு வந்ததுண்டா என்பது. அந்த அக்கா முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினார்.

“இது மட்டும் மறைக்காம சொல்லிருங்க பிரதர். புழுவெட்டுன்னா நட்டதும் கொட்டிரும், பின்னாடி எடுத்ததும் வீணாப் போயிரும். மொதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டி, அது அடங்கி ரொம்ப நாள் ஆனப்புறம்தான் நாங்க தொடுவோம். அதுவும் அவங்க சரின்னு சொன்னாத்தான்.”

“எங்க வீட்லயா? இவ முடியைப் பாருங்க, இடுப்பு வரைக்கும் இருக்குது. எங்கம்மா கொண்டை இத்தாச் சோடு பெருசு. முடிக்குப் பஞ்சமே இல்லீங்க” என்ற அண்ணன், என் பக்கம் திரும்பினான். “யாருக்கும் இல்லைதான பாப்பா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பதில் சொன்னேன். அவன் கட்டத்தில் குறி போட்டான்.

திரும்பும்போது எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தான். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன். தூக்கம் வருகிறது.

டிசம்பர் 1, திங்கள்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். இன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 3, புதன்

தீபம். நாற்பத்தெட்டு அகல் ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

“ஏம் வசந்தா, உம் பையன் மாலை போடாதது ஊருக்கே பேச்சா இருக்குது. ஏதாச்சும் புள்ள கிள்ளயா?”

“வேலைங்க அண்ணி” என்றார் அம்மா.

“ஆமா, இவனில்லாம கம்பெனில பஸ்ஸு நகராது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சேதி தெரியுமா, மேலத் தெருவுல அந்த டெய்லர் மக. நிச்சயம் வரைக்கும் வந்து நின்னு போச்சு. தலைல புழுவெட்டாம். பூ வெக்கறப்ப மாப்பிள்ளையோட அக்கா பாத்துட்டா. பரம்பரையா வரும்னு சொல்லிட்டாங்களாம். யாரு வீட்டுப் பரம்பரைன்னு இப்ப அங்க சண்டை.”

அம்மாவின் கையிலிருந்த அகல் சாய்ந்து எண்ணெய் கொட்டிவிட்டது. அத்தை என்னைப் பார்த்தார். “ஏன்டி, உனக்கு இன்னைக்கு பூ வெக்கலியா?” என்று கையை நீட்டினார். நான் உள்ளே ஓடினேன், தீப்பெட்டி எடுக்க. தீப்பெட்டி என் கையிலேயே இருந்தது.

டிசம்பர் 6, சனி

இன்று மிளகாய் அரைக்கப் போனேன். உண்மையில் மிளகாய்க்கு அவசரமில்லை, நான்தான் டப்பாவில் இருந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டி மறைத்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்றேன். எனக்குச் சுவரில் இருக்கும் படங்கள் வேண்டியிருந்தன.

குருசாமி முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் கொட்டும்போது, துப்பட்டா நுனியால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்தேன். நான்கு வருடம், நான்கு படம். எல்லாவற்றிலும் அண்ணன் ஓரத்தில், யாருடைய தோளுக்காவது பின்னால் நிற்கிறான். ஆனால் முகம் தெரிகிறது. முதல் வருடம் வலது கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம். இடது பக்கம் முழுத் தாடி. இரண்டாம் வருடம் வலது கன்னம் நிறைந்துவிட்டது, இடது தாடை காலி. மூன்றாம் வருடம் மோவாய்க்குக் கீழே. போன வருடம் இரண்டு கன்னத்திலும்.

அந்த இடத்தில் முளைத்ததே இல்லை என்று டாக்டரிடம் சொன்னான். முளைத்திருக்கிறது. முளைத்து, கொட்டி, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. வருடம் முழுக்க வழித்துக்கொண்டே இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? வருடத்தில் ஒரு முறைதான் வளர்க்கிறான். அந்த நாட்களிலும் கூச்சத்தில் கண்ணாடி பார்ப்பதில்லை.

“என்ன பாப்பா, படத்தையே பாத்துட்டு இருக்க?” என்றார் குருசாமி. “மாவா இருந்துச்சுங்க, தொடச்சேன்” என்றேன். “நல்ல புள்ள” என்றார்.

நல்ல பிள்ளை இல்லை. இந்த டைரியிலும் நான் ஏமாற்றியிருக்கிறேன். மைப் பென்சிலை நான் கொஞ்சம்தான் பயன்படுத்துகிறேன் என்று எழுதியது பொய். ஆகஸ்டில் ஒரு நாள் இரட்டைச் சடைக்கு வகிடு எடுக்கும்போது, பின்தலையில் விரலுக்கு முடி தட்டுப்படாத இடம் ஒன்று வந்தது. அன்றிலிருந்து அம்மாவைச் சடை போட விடவில்லை. இப்போது இரண்டு இடம். தினமும் காலையில் இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு அங்கே மை தீட்டுகிறேன். எங்கள் பள்ளியில் இரட்டைச் சடைதான், ஒற்றைச் சடை போட்டால் வெளியே நிறுத்துவார்கள். பின்னால் யாரும் உட்காராத இடம் கடைசி பெஞ்சுதான்.

ஏழாவது கேள்விக்கு நான் “இல்லை” என்றேன். இதுதான் நான் எழுதாமல் விட்டது.

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மா பிடித்துவிட்டார். மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து எண்ணெய்க் கையைத் தலையில் வைத்துவிட்டார். விரல்கள் போய்க்கொண்டே இருந்து, ஒரு இடத்தில் நின்றன. நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எப்பருந்து?”

“ஆகஸ்ட்.”

“யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதும்மா.”

“உங்கத்தைக்கு?”

“யாருக்கும் தெரியாது.”

அம்மாவுக்கு மூச்சு வந்தது. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். அண்ணன் வயிற்றில் இருக்கும்போது அவருக்கும் வந்ததாம். “அப்ப தெரிஞ்சிருந்தா உங்கத்தை என்னை எங்கம்மா வீட்டுக்கே பத்தி விட்டுருப்பா. இருவத்தாறு வருசம் ஆச்சு கண்ணு. இன்னும் வந்து வந்து போகுது.”

“அப்பாவுக்குத் தெரியுமாம்மா?”

அம்மா மடித்து வைத்திருந்த துணியை எடுத்துத் திரும்ப மடித்தார்.

“அண்ணனுக்கும் இதுதானா?”

“ச்சீ. அவனுக்கு மொளைக்கல, அவ்வளவுதான். ஆம்பளைக்கு என்ன, தாடி இல்லாட்டி வழிச்சுட்டுப் போறான்.” அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். முதல் வருடப் படத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

“நான் சொல்லாம நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது. என்னைப் பத்தியும் சொல்லக் கூடாது, உன்னைப் பத்தியும் சொல்லக் கூடாது. உங்கண்ணங்கிட்டக்கூட.” என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். “சத்தியம் பண்ணு.”

கொண்டைக்கு அடியில் என் விரல்களுக்கு வேறு முடி தட்டுப்பட்டது. உயிரில்லாத, சொரசொரப்பான முடி. சவுரி. பிறந்ததிலிருந்து அந்தக் கொண்டையைப் பார்க்கிறேன், ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் நான்.

சத்தியம் செய்தேன். செய்த பிறகுதான், பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்று நினைவுக்கு வந்தது. அதை அம்மாவிடம் சொல்ல முடியாது, அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதை அண்ணனிடம் சொல்ல முடியாது, அம்மா தலைமேல் சத்தியம்.

டிசம்பர் 10, புதன்

அரையாண்டு தொடங்கிவிட்டது. தமிழ். கட்டுரை நன்றாக எழுதினேன். காலையில் என் மேஜைமேல் உரித்த சின்ன வெங்காயம் ஒரு கிண்ணத்தில் இருந்தது, தலையில் தேய்க்க. அம்மா வைத்தது. நாள் முழுக்கத் தலை நாறியது.

டிசம்பர் 12, வெள்ளி

அண்ணன் முடிவு செய்துவிட்டான். ஓசூரில் கம்பெனி வேலை, நாலு நாள் ஆகும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

சாயங்காலம் மாடியில் போனைக் காட்டினான். அந்த அக்கா அனுப்பிய படம். அவன் முகத்தில் முழுத் தாடி ஒட்டியிருந்தார்கள்.

“எப்படி இருக்குது?”

“வேற யாரோ மாதிரி இருக்குது.”

“அதுதான் வேணும்” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. “அடுத்த கார்த்திகைக்குப் பாரு பாப்பா, மாலை போடறேன். குருசாமி எடுக்கற போட்டோல நடுவுல நிக்கறேன்.”

“நட்டது கொட்டிப் போச்சுன்னா?”

“உன் வாயில நல்லதே வராதா?”

“கொட்டுச்சுன்னா, அண்ணா?”

“ஏன் கொட்டுது? அதான் எல்லாம் கேட்டு எழுதி வாங்கிட்டாங்கல்ல. ஏழெட்டுக் கேள்வி. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டாச்சு.” என் தலையில் தட்ட வந்தான். நான் விலகிக்கொண்டேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான்.

டிசம்பர் 13, சனி

அண்ணனுக்கு நாளைக் காலை ஐந்து மணிக்குப் பஸ். அம்மா புளிசாதம் கட்டி வைத்திருக்கிறார், ஓசூருக்கு. திருச்சிக்குப் போகும் புளிசாதம்.

நாள் முழுக்கச் சத்தியத்தைப் பற்றியே யோசித்தேன். மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. அம்மா இரண்டு தடவை இருமினார், இரண்டு தடவையும் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆனால் நாளைக்கு இதே நேரம் அண்ணனின் பின்தலையிலிருந்து எல்லாம் எடுத்து நட்டு முடித்திருப்பார்கள். எடுத்ததைத் திரும்ப அங்கே வைக்க முடியாது. சில மாதம் கழித்துக் கண்ணாடியைப் பார்ப்பான். அடுத்த கார்த்திகைக்கும் ஓரத்தில் நிற்பான், இல்லையென்றால் படத்திலேயே நிற்க மாட்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தினமும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். நான் வாய் திறக்கவே வேண்டாம். அவன் பெயின்டர், ஒரு முறை பார்த்தால் போதும், மை எது தோல் எது என்று தெரிந்துவிடும். இப்படி யோசிப்பது ஏமாற்று வேலையா என்று தெரியவில்லை. அம்மாவைப் பற்றி ஒன்றும் காட்ட மாட்டேன். என்னுடையதை மட்டும்.

ஆனால் அவன் கோபித்துக்கொண்டால்? அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்? அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்றவள் நான். பைக்கும் போய்விட்டது. அருவருப்பாகப் பார்த்தால் என்ன செய்வது? டெய்லர் மகளைப் பற்றிச் சொல்லும்போது அத்தையின் முகம் போன மாதிரி.

சடையை அவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது ஒன்று ஆரம்பிக்கிறது. பவுச்சில் பென்சில் இல்லை. அவனிடம்தான் இருக்கும். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சைக்கு நான் எப்படி

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அண்ணன்தான் அப்படித் தட்டுவான். “பாப்பா, தூங்கிட்டியா? உன் மைப் பென்சில் எங்கிட்ட இருக்குது. இனி எனக்கு வேண்டியதில்ல, கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்கிறான்.

முடி இன்னும் அவிழ்ந்தபடியே இருக்கிறது. மை இல்லை. கட்டிக்கொள்ளப் போவதும் இல்லை. தாழ்ப்பாளை